உயிர் காக்கும் பாடத்துக்குக் கூலிக்காரன் பணம் கட்டுவதா?

பெரம்பூரில் பி அண்டு சி மில்லில் தறி ஓட்டிய தோழர் ஒருவரின் பேரன் கப்பல் வேலைக்குப் புறப்பட்டிருக்கிறான். கப்பலில் கால் வைப்பதற்கு முன் அவன் சில பாதுகாப்புப் பாடங்களைப் படித்துச் சான்றிதழ் வாங்கவேண்டும். கடலில் விழுந்தால் உயிர் தப்புவது எப்படி, தீயை அணைப்பது எப்படி, முதலுதவி செய்வது எப்படி என்பவை அந்தப் பாடங்கள். அவசியமானவைதான். நடுக்கடலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது. ஆனால் கட்டணம் கட்டுவது யார்? பாட்டியின் கம்மல் அடகுக் கடைக்குப் போய்விட்டது!

"அவன் உயிரைக் காக்கத்தானே படிக்கிறான்?" என்று கேட்கிறார்கள் முதலாளிமார்கள். அவன் தீயை அணைத்தால் கப்பல் யாருடையது, சரக்கு யாருடையது? உயிர் தப்பவும் தீயணைக்கவும் பெற்ற பயிற்சியை ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். நாற்று நடக் கற்றுக்கொடுக்கிறேன் என்று நடவாளிடம் காசு பிடுங்கிய மிராசுதாரை நாம் கேள்விப்பட்டதில்லை. அவர்களுக்குக்கூட இந்த யுக்தி தோன்றவில்லை போலும்.

சட்டம் என்ன சொல்கிறது? ஆலையில் முதலாளி செய்து தரவேண்டிய வசதிக்கும் தரவேண்டிய சாதனத்துக்கும் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்றது 1948-ஆம் ஆண்டு பாக்டரி சட்டத்தின் 114-வது பிரிவு. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் அமர்ந்திருக்கும் புதிய தொகுப்புச் சட்டமும், பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் ஊழியரிடம் கட்டணம் கூடாது என்றுதான் எழுதிவைத்திருக்கிறது. சூது எங்கே? 'ஊழியர்' என்ற சொல்லில்! பையன் இன்னும் ஊழியன் அல்லவே. பயிற்சியை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டால் சட்டத்தின் கை அங்கே எட்டாது.

வேறு வழியே இல்லையா? சுரங்கத்தைப் பாருங்கள். 1966-இல் வந்த சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள், புதிதாக இறங்குகிறவனுக்குப் பயிற்சி தரும் பொறுப்பைச் சுரங்க முதலாளியின் தலையில் வைத்தன. அவ்வளவு தூரம் போவானேன்? நம் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் பழகுநராகச் சேருகிற பையனுக்கு, 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி உதவித்தொகை கொடுத்துத்தான் தொழில் கற்றுத் தரவேண்டும். (பழகி முடித்த பிறகு வேலைக்கு அலையவிடுகிறார்கள் என்பது வேறு வழக்கு.) ஒரே வட்டாரத்தில் ஒரு பையன் படிக்கப் பணம் வாங்குகிறான், இன்னொருவன் படிக்கக் கடன் வாங்குகிறான்!

கடல் தொழிலாளர் பற்றிய 2006-ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. வேலையில் அமர்த்துவதற்கு மாலுமியிடம் கட்டணம் கூடாது என்கிறது அது. மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் செலவு மட்டும் விலக்கு. விசா செலவுகூடக் கப்பல் முதலாளியுடையது. பயிற்சிக் கட்டணம் பற்றி மட்டும் அங்கே மௌனம். அந்த ஓட்டை வழியாகத்தான் கம்மல் போயிற்று.

நாம் கோருவது இது: முதல் கப்பலில் கையெழுத்திடும் அன்றே பாதுகாப்புப் பயிற்சிச் செலவு முழுவதையும் கப்பல் முதலாளி திருப்பித் தரவேண்டும். புதுப்பிக்கும் செலவும், அந்த நாட்களின் சம்பளமும் அவருடையதே. 'ஊழியர்' என்ற இடத்தில் 'வேலைக்கு வருகிறவர்' என்பதையும் சர்க்கார் சேர்க்கவேண்டும்.