கொள்ளைக்காரக் கப்பலும் சுதேசிக் கப்பலும்

சில நாட்களுக்கு முன்பு ஏழாம் வகுப்பில், "கப்பல் ஓட்டியவர் என்றதும் யார் ஞாபகம் வருகிறது?" என்று கேட்டு வைத்தோம். நாம் எதிர்பார்த்த பதில் ஒன்று. வந்த பதில் வேறு. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, துளியும் தயங்காமல், "ஜாக் ஸ்பாரோ, ஸார்!" என்றான். வகுப்பு முழுவதும் அதை ஆமோதித்தது. லோகமான்ய திலகர் பெயரால் பள்ளிக்கூடம் வைத்திருக்கும் ஊர் இது. திலகரின் சீடரான ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையின் பெயர் அங்கே ஒரு வாயிலிருந்தும் வரவில்லை.

கோபம் வரவேண்டிய இடந்தான். ஆனால் வரவில்லை. பத்து வயதில் நாமும் மேற்படி கட்சியைச் சேர்ந்தவரே. ஒரு திருவிழாவின் போது தெருவில் வெள்ளைத் திரை கட்டி 'ஆயிரத்தில் ஒருவன்' காட்டினார்கள். மறுநாள் காலையில் கல்லிடைக்குறிச்சிப் பையன்கள் அனைவரும் எம். ஜி. ஆர். ஆகிவிட்டார்கள். மேற்கே மலை, கீழே தாமிரபருணி, கடலைக் கண்ணால் கண்டவன் கூட்டத்தில் ஒருவனும் கிடையாது. அதனால் என்ன? ஆற்றங்கரை மண்டபம் கப்பலாயிற்று. துண்டு பாய்மரமாயிற்று. நம்பியாராக நடிப்பதற்குத்தான் ஆள் அகப்படவில்லை!

1965-ல் பி. ஆர். பந்துலு எடுத்த அந்தப் படம் முழுவதும் உள்நாட்டுச் சரக்கு என்று சொல்லுவதற்கில்லை. ரபேல் சபாட்டினி 1922-ல் எழுதிய 'காப்டன் பிளட்' என்னும் நாவலை 1935-ல் ஹாலிவுட்டில் பேசும் படமாக்கினார்கள். எர்ரால் பிளின் அதில் கதாநாயகன். அந்தச் சாயல் நம் படத்தில் நன்றாகத் தெரியும். இரண்டிலும் கதாநாயகன் ஒரு வைத்தியன். காயம்பட்ட கலகக்காரனுக்குச் சிகிச்சை செய்ததுதான் அவன் செய்த குற்றம். அதற்காக அவனை அடிமையாக விற்றுவிடுகிறார்கள். சட்டம் அவனைக் கைவிட்ட பிறகே அவன் கப்பல் ஏறுகிறான். ஆகவே, கொள்ளைக்காரன் என்பது அவன் தேடிக்கொண்ட பட்டமல்ல. அதிகாரத்தில் இருப்பவர்கள் கொடுத்த பட்டம். இந்த மாதிரிப் படங்களின் சூட்சுமம் இங்கேதான் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. கரையில் நியாயம் கிடைக்காதவனுக்குக் கப்பல் தளம் ஒரு குட்டி ராஜ்யமாகிறது. சரித்திரத்திலும் இதற்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் கரீபியக் கடலில் திரிந்த கொள்ளைக்காரர்களில் பலர் தங்கள் தலைவனை வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். சண்டையில் கை கால் இழந்தவனுக்கு இவ்வளவு பணம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் கரையிலிருந்த கூலிக்காரனுக்கு இரண்டும் கிடையாது.

இதற்காக அந்த மனிதர்களை உத்தமர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் செய்த குரூரங்கள் கொஞ்சமல்ல. சினிமாவில் அந்தப் பாவத்தையெல்லாம் எம். என். நம்பியார் தலையில் கட்டிவிட்டு, கதாநாயகனை வெள்ளை வெளேரென்று நிறுத்திவிடுகிறார்கள். ஜனங்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. இன்னமும் பிடித்திருக்கிறது. 2014-ல் அதே படத்தைப் புதுப்பித்துத் திரையிட்டபோது சென்னையில் வெள்ளி விழாக் கண்டது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். இதே பந்துலு நான்கு வருஷம் முன்னதாக, 1961-ல், வேறொரு கப்பல் படம் எடுத்தார். ம. பொ. சிவஞானம் எழுதிய புத்தகத்தைத் தழுவி, சிவாஜி கணேசனை சிதம்பரம் பிள்ளையாக நடிக்க வைத்து எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்'தான் அது. படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. நிஜமாகவே கப்பல் ஓட்டியவரைப் பார்க்கக் கூட்டம் வரவில்லை. கற்பனைக் கப்பலுக்கு டிக்கெட் அகப்படவில்லை!

சோகத்தில் முடிவதால் கூட்டம் வரவில்லை என்று சொல்வார்கள். அந்தச் சமாதானத்தை நாம் ஒப்பவில்லை. பந்துலு 1959-ல் எடுத்த கட்டபொம்மன் கதை தூக்குமரத்தில் முடிகிறது. அது பிரமாதமாய் ஓடியது. கட்டபொம்மன் கையில் வாள் இருந்தது. பிள்ளையவர்கள் கையில் இருந்ததோ கணக்குப் புஸ்தகம். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், ஆகப் பத்து லட்சம் ரூபாய் மூலதனம் என்று 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை அவர் ஆரம்பித்தார். பங்குப் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு கயிற்றில் தாவ முடியுமா?

முடியும் என்று காட்டிவிடத் தீர்மானித்தோம். மறுநாள் பாடப் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த யுத்தத்தைச் சொன்னோம். ஒரு பக்கம் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. மறு பக்கம் காலியா, லாவோ என்ற இரண்டே சுதேசிக் கப்பல்கள். வெள்ளைக்காரன் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தான். பிள்ளையவர்கள் எட்டணா ஆக்கினார். வெள்ளைக்காரன் 'இனாமாகவே ஏறிக்கொள்' என்றான். ஏறுகிறவனுக்கு ஒரு குடையும் கொடுத்தான்.

"குடையா, ஸார்?" என்று கடைசி வரிசை நிமிர்ந்தது.

1908-ம் வருஷம் மார்ச்சு 12-ந் தேதி பிள்ளையவர்களைக் கைது செய்ததையும், மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்ததையும், போலீசார் சுட்டதில் நாலு பேர் மாண்டதையும் சொன்னோம். ராஜத் துவேஷத்துக்கு இருபது, துணை போனதற்கு இருபது, ஆக நாற்பது வருஷத் தண்டனை என்று திருநெல்வேலிக் கோர்ட்டில் தீர்ப்பானதையும், அது அப்பீலில் குறைந்ததையும், கோயமுத்தூர்ச் சிறையில் மாடு போல் செக்கிழுத்ததையும் சொன்னோம். வகுப்பில் சத்தமே இல்லை.

ஜாக் ஸ்பாரோவின் ரசிகன் எழுந்தான். "இரண்டு கப்பல் இருந்ததே, ஸார். ஒன்றாவது வந்து அவரை மீட்டிருக்கக் கூடாதா?"

1911-ல் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள் என்றும், கப்பல்களை விற்றுவிட்டார்கள் என்றும், 1912 டிஸம்பரில் அவர் வெளியே வந்தபோது அவருக்கென்று ஒரு படகு கூட மிச்சமில்லை என்றும் சொன்னோம். மணி அடித்தது. பையன் சற்று நேரம் நின்றுகொண்டே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆற்றுக்குப் போயிருந்தோம். மண்டபத்தின் மேல் ஏக அமர்க்களம். தூணில் கரிக்கட்டியால் 'காலியா' என்று எழுதியிருந்தது. கீழ்ப்படியில் ஒருவன் கிழிந்த குடையை நீட்டி, "வாருங்கள், இனாம்! இனாம்!" என்று கூவிக்கொண்டிருந்தான். அந்த வேஷத்துக்கு மட்டும் மூன்று பேர் போட்டி! உச்சியில் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நம் ஜாக் ஸ்பாரோ நின்றான்.

"எங்கேயடா போகிறது கப்பல்?" என்று கேட்டோம்.

"கோயமுத்தூருக்கு, ஸார்!" என்றான்.

கோயமுத்தூரில் கடல் கிடையாது என்பதை நாம் சொல்லவில்லை.