எழும்போதே திரையைப் பூட்டுவோம்



கதிரையை விட்டு எழும்போது கணினித் திரையைப் பூட்டுவது மிகச் சிறிய பழக்கம். அதைச் செய்யத் தவறியதால் ஒரு மாணவியின் நற்பெயருக்குக் களங்கம் ஏற்பட்டதை நான் கண்டிருக்கின்றேன். தவறு அவளுடையதன்று, என்னுடையது. ஆகவேதான் இக்கருத்தை உங்கள் முன் வைக்கின்றேன்.

கொம்பனித்தெருவில் நான் பாடம் நடத்தும் அறை சிறியது. என் மேசைக்கும் முதல் வாங்குக்கும் இடையே இரண்டு அடிகூட இல்லை. ஒரு நாள் மாலை, மறுநாள் நடத்தவிருந்த வரலாற்றுச் சோதனைக்கு வினாத்தாளைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தேன். இடையில் தேநீர் குடிக்கக் கீழே இறங்கினேன். திரும்பிவர ஐந்து நிமிடமும் ஆகவில்லை. வினாத்தாள் திரையில் திறந்தபடியே இருந்தது.

மறுநாள், வழமையாக நாற்பது புள்ளியைத் தாண்டாத மூவர் எண்பதுக்கு மேல் பெற்றனர். ஆனால் வகுப்பில் சந்தேகம் விழுந்தது அவர்கள் மீதன்று. முதல் நாள் நேரத்தோடு வந்து முன் வாங்கில் அமர்ந்திருந்த, அதிகூடிய புள்ளி பெற்ற மாணவி மீது விழுந்தது. “சேர், நான் பார்க்கவில்லை” என்றாள். அதை நிரூபிக்க அவளிடம் ஒன்றுமில்லை; அவளுக்காகப் பேச என்னிடமும் ஒன்றுமில்லை. சில நாட்களின் பின் அந்த மூவருமே உண்மையை ஒப்புக்கொண்டனர். நான் சோதனையை இரத்துச் செய்து, வகுப்பின் முன் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எனினும் அவள் பட்ட மனவேதனையை என்னால் இரத்துச் செய்ய முடியவில்லை.

“வீட்டிலும் வகுப்பிலும் இருப்பவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள்தானே? திரையைப் பூட்டினால் அவர்களை நம்பவில்லை என்றாகாதா?” எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. ஆனால் உங்கள் பரீட்சை வினாத்தாள்கள் முத்திரையிட்ட பொதிகளில் மண்டபத்துக்கு வருவதைச் சிந்தித்துப் பாருங்கள். அது மேற்பார்வையாளரை அவமதிப்பதற்காக அன்று. அவர் மீது வீண்பழி விழாதிருப்பதற்காகவே. அதுபோலத் திரையைப் பூட்டுவது நம்மை மட்டும் காப்பதில்லை. பலவீனமான மனத்தை ஆசையிலிருந்தும், நேர்மையான மனத்தைச் சந்தேகத்திலிருந்தும் காக்கின்றது. நான் அன்று பூட்டியிருந்தால் மூவர் தவறு செய்திருக்க மாட்டார்கள். ஒருத்தி அழுதிருக்க மாட்டாள்.

இதற்குத் தேவையான நேரம் ஒரு நொடியே. விண்டோஸ் கணினியில் விண்டோஸ் சாவியை அழுத்தியபடி ‘எல்’ எழுத்தை அழுத்தினால் போதும். 2001இல் வெளிவந்த எக்ஸ்பி பதிப்பிலிருந்தே இவ்வசதி உண்டு. மக் கணினியில் கன்ட்ரோல், கமாண்ட், ‘கியூ’ ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். திரை பூட்டப்பட்டாலும் திறந்திருக்கும் வேலை அழிவதில்லை. திரும்பி வந்து கடவுச்சொல்லைக் கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கடவுச்சொல்லே வைக்காத கணினியைப் பூட்டுவதோ, திறப்பைக் கதவிலேயே விட்டுச் செல்வதற்குச் சமம்.

“சில நிமிடங்களில் திரை தானாகவே பூட்டிக்கொள்ளும்தானே?” என்று இருந்துவிடாதீர்கள். பத்து நிமிடத்தில் பூட்டும்படி வைத்த கணினி, முதல் ஒன்பது நிமிடமும் திறந்தே கிடக்கும். எனக்கு நேர்ந்த இழப்புக்கு ஐந்து நிமிடமே போதுமாயிருந்தது.

ஒரு வேறுபாட்டையும் மனத்திற் கொள்க. கொமியூனிக்கேசன் கடையிலோ பாடசாலைக் கணினி அறையிலோ திரையைப் பூட்டிவிட்டுப் போவது தீர்வாகாது. அடுத்து வருபவருக்கும் அக்கணினி தேவை. அங்கே மின்னஞ்சல் முதலிய கணக்குகளிலிருந்து முற்றாக வெளியேற வேண்டும். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கணினி கேட்டால் வேண்டாம் எனக் கொடுக்க வேண்டும். பூட்டுவது சொந்தக் கணினிக்கு. வெளியேறுவது பொதுக் கணினிக்கு.

திறந்து கிடக்கும் திரையைக் காண்பவருக்கும் ஒரு கடமை உண்டு. திறந்திருப்பது அனுமதி ஆகாது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, உரிமையில்லை எனத் தெரிந்தும் பிறரது கணினியையோ அதிலுள்ள தகவலையோ வேண்டுமென்றே அணுகுதல் குற்றமாகும். அதற்கு ஓர் இலட்சம் ரூபா வரை தண்டம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மாணவர் என்பதால் சட்டம் விலகி நிற்பதுமில்லை. 2016 ஆகஸ்டில் சனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தினுள் சிலர் ஊடுருவி, உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில் நடத்துவதற்கு எதிரான வாசகத்தை இட்டனர். இது தொடர்பாகச் சந்தேகத்தின் பேரில் கைதானவர்களுள் 17 வயது மாணவர் ஒருவரும் இருந்தார்.

கடைக்குப் போகும்போது வீட்டுக் கதவைப் பூட்டுகின்றோம். அதனால் அயலவர் எவரும் கோபிப்பதில்லை. கணினிக்கும் அப்பழக்கம் வரட்டும். இப்போது தேநீருக்கு எழும்போது என் கை தானாகவே அந்த இரு சாவிகளுக்கும் போகின்றது. நான் காலந்தாழ்த்திக் கற்ற பாடம் இது. நீங்கள் இன்றே கற்றுக்கொள்ளுங்கள்.