சிறுவர் கையில் புகையிலை: பிரதேச சபைகள் என்ன செய்யலாம்?

21 வயது நிரம்பாத எவருக்கும் புகையிலைப் பொருட்களை விற்பது இலங்கையில் குற்றமாகும். புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபையை நிறுவிய 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இதைத் தெளிவாகக் கூறுகின்றது. ஆயினும், பாடசாலைச் சிறுவன் ஒருவன் "அப்பாவுக்கு" என்று சொல்லி இரண்டு சிகரட் வாங்கிச் செல்வதை நாம் குற்றமாக எண்ணுவதில்லை. யாருக்காக வாங்குகிறான் என்பதல்ல, யார் கையில் கொடுக்கப்படுகின்றது என்பதே சட்டத்தின் கேள்வி.

இந்த அலட்சியத்திற்குக் காரணம் உண்டு. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியானது. தீவகத்தார் பலர் தென்னிலங்கையில் சுருட்டுக்கடை வைத்தே பிள்ளைகளைப் படிப்பித்தனர். அந்த உழைப்பை நாம் இகழவில்லை. ஆனால் சோறு போட்ட பொருள் என்பதற்காக அதன் நஞ்சு இல்லாமற் போய்விடாது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது நிக்கொற்றினுக்கு முற்றிலும் பொருந்தும்.

பிரதேச சபைகளுக்குத் துணைவிதிகள் ஆக்கும் அதிகாரத்தை 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் வழங்கியுள்ளது. 2025 மே மாதத் தேர்தலின் பின் ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் அமர்ந்துள்ளனர். அவர்கள் முன் மூன்று யோசனைகளை வைக்கின்றோம்.

முதலாவது, பாடசாலைகளுக்கும் தனியார் வகுப்புகளுக்கும் அண்மையில் விற்பனையைத் தடுத்தல். இந்தியாவின் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிலையங்களைச் சுற்றி 100 யார் தூரத்திற்கு இதைத் தடுத்துள்ளது.

இரண்டாவது, சபையின் அனுமதி பெறும் கடைகளுக்கு 21 வயது விதியை நிபந்தனையாக்குதல்.

மூன்றாவது, ஒன்றிரண்டாகச் சில்லறைக்கு விற்பதை நிறுத்துதல். பெட்டியின் 80 வீதப் பரப்பை எச்சரிக்கைப் படம் மூடியிருந்தும், ஒற்றைச் சிகரட் வாங்கும் பையன் அதைக் காண்பதேயில்லை. முழுப் பெட்டிக்கு அவனிடம் காசும் இராது.

சிறுகடை நடத்திப் பிழைக்கும் தாய்மாரின் வருமானம் குறையாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு கடை நிறுத்தி அடுத்த கடை விற்றால், நேர்மையானவருக்கே நட்டம். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் அந்த நட்டம் இல்லை. 2019 அளவில் நாட்டின் பல ஊர்களில் வியாபாரிகள் ஒன்றுகூடிச் சிகரட் விற்பனையைக் கைவிட்டனர். யாழ்ப்பாண மாவட்ட ஊர்களும் அவற்றுள் அடங்கும். குறிகட்டுவானில் வள்ளமேற்றியே பொருள் வந்து சேரும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும், கடைக்காரர் ஒருவரையொருவர் அறிந்திருக்க, இது முடியாததா?

சபைகள் விதி செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் கடைக்காரரை அழைத்துப் பேசட்டும். பெற்றோரே, உங்கள் சிகரட்டை நீங்களே போய் வாங்குங்கள், பிள்ளையை அனுப்பாதீர்கள்.