ஓணான் சாட்சி

விமான டிக்கெட் எடுக்கும் தளத்தில், கட்டணம் செலுத்தப் போகும் நேரத்தில் பயணக் காப்பீடு வேண்டுமா என்ற கேள்வி வரும். வேண்டும் என்பவருக்கு ஒரு பொத்தான். வேண்டாம் என்பவருக்கு உள்ள பொத்தானில் ‘வேண்டாம்’ என்று இருக்காது. ‘நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்’ என்கிற பொருளில் ஒரு வாசகம் இருக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களிலேயே உள்ள எடுத்துக்காட்டு இது. நன்கொடை தர மறுப்பவரை, தர்மமெல்லாம் பணக்காரர் வேலை, எனக்கென்ன என்று சொல்லவைக்கும் பொத்தானும் அங்கே இடம்பெற்றிருக்கிறது.

இரண்டு வாசகங்களும் தன்மையில் எழுதப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். கடைக்காரர் நம்மைத் திட்டவில்லை. நம் வாயாலேயே நம்மைத் திட்டிக்கொள்ள வைக்கிறார். இருநூறு ரூபாயை மிச்சம் பிடிக்க நினைக்கும் ஒருவர், குடும்பத்தின் பாதுகாப்பில் அக்கறையில்லாதவன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே வர முடியும்.

ஜவுளிக்கடையில் இருபது புடவையைப் பிரித்துப் போட்ட ஊழியரின் முகத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து வரவும் கூச்சமாகத்தான் இருக்கும், அதுவும் வியாபாரத் தந்திரம்தானே என்று சிலர் கேட்பார்கள். ஆனால் அவர் நம் எதிரே உட்கார்ந்திருக்கிறார். விற்கப் பார்க்கிறார் என்பது நமக்குத் தெரியும். ‘இன்னும் ரெண்டு கடை பார்த்துட்டு வர்றோம்’ என்று சொல்லி நழுவ நமக்கும் ஒரு வழி உண்டு. செயலியிடம் அந்தப் பொய் செல்லாது.

பொருள்களை உணர்வைத் தொடும்படி வடிவமைப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. ஜி.இ. நிறுவனத்தின் வடிவமைப்பாளர் டக் டீட்ஸ், தாம் உருவாக்கிய எம்.ஆர்.ஐ. இயந்திரத்தைக் கண்டு ஒரு சிறுமி அழுததைப் பார்த்தார். பிறகு அந்த அறையையே கடற்கொள்ளையர் கப்பலாக மாற்றினார். ஸ்கேன் எடுக்க மயக்க மருந்து தேவைப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. அது கப்பல் இல்லை என்பது பெற்றோருக்குத் தெரியும். தெரிந்த பிறகும் அது பயன் தருகிறது. விடுதி முன்பதிவுத் தளத்தில் ‘இன்னும் ஒரே ஓர் அறைதான் மிச்சம்’ என்று பொய்யாகப் பதறவைக்கும் வரியோ, உண்மை தெரிந்த நொடியே செல்லாக்காசாகிவிடுகிறது. மறைத்தால் மட்டுமே பலிக்கும் வித்தைக்கு ஏமாற்று என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

2012 ஜனவரியில் ஒரு வாரம், பேஸ்புக் 6,89,003 பேருக்குத் தெரியாமல் அவர்கள் பார்க்கும் பதிவுகளில் சிலருக்கு மகிழ்ச்சியானவற்றையும் சிலருக்குச் சோகமானவற்றையும் குறைத்து, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று சோதித்தது. 2014இல் ஆய்வுக் கட்டுரை வெளியானபோதுதான் விஷயம் உலகுக்குத் தெரிந்தது. விளைவு மிகச் சிறியது என்றார்கள். பயனர்கள் ஏற்ற நிபந்தனைகளிலேயே சம்மதம் அடங்கியிருக்கிறது என்றார்கள். திருடிய தொகை சின்னது என்பது திருடனின் வக்கீல் பேசும் பேச்சு. யாரும் படிக்காத பக்கத்தில் ஒளித்துவைத்த சம்மதம் எந்த ஊரிலும் சம்மதமாகாது.

இரண்டு வாசகங்களை மாற்றி மாற்றிக் காட்டி, எது கூடுதலாக விற்கிறது என்று அளப்பது இணைய வணிகத்தின் அன்றாட வேலை. கூச்சப்படுத்திய வாசகம் வென்றதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அதை வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே தெரியாமல் நடந்துவிட்டது என்ற சமாதானத்தை நிறுவனமும் சொல்ல முடியாது, மேலிடம் சொன்னதைச் செய்தோம் என்று வடிவமைப்பாளரும் தப்ப முடியாது. இருவரும் குற்றவாளிகளே.

அரசின் பங்கும் சொல்லும்படியாக இல்லை. இத்தகைய 13 உத்திகளைத் தடுத்து விதி வகுத்த ஆணையம், 2025 ஜூனில் நிறுவனங்களிடம் மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்து அறிவித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. வேலிக்கு ஓணான் சாட்சி. தணிக்கையை வெளியார் செய்யட்டும். எந்த வாசகம் எவ்வளவு விற்றது என்ற சோதனைக் கணக்குகள் ஆணையத்தின் மேசைக்கு வரட்டும். ‘வேண்டும்’ என்பது எந்த அளவில், எந்த நிறத்தில் இருக்கிறதோ, அதே அளவில், அதே நிறத்தில் பக்கத்திலேயே ‘வேண்டாம்’ என்ற ஒற்றைச் சொல் இருக்கட்டும். அப்படி வைக்காத தளம், அந்தப் பக்கத்தில் வாங்கிய காப்பீட்டுப் பணம் முழுவதையும் பயணிக்குத் திருப்பித் தர வேண்டும்.