ஒத்த விடையும் உண்மை விடையும்

ஒரே கணக்கை இருவர் தனித்தனியே செய்து ஒரே விடையைப் பெற்றால், அவ்விடை சரியானதே என்று முடிவு செய்கிறோம். பள்ளிக் கணக்கிற்கு இம்முடிவு பெரும்பாலும் பொருந்தும். ஆனால், வாயுக் கலவைகளின் பண்புகளைக் கணிப்பொறி மென்பொருள்கள் கணித்துத் தரும்போது, இதே முடிவு நம்மை ஏமாற்றக்கூடும். ஒப்புமை வேறு, உண்மை வேறு.

இயற்கை எரிவாயு ஒரு கலவை. அதில் மீத்தேன் மிகுதி; ஈத்தேன், புரொப்பேன், நைட்ரஜன், கரியமில வாயு முதலியனவும் உண்டு. அது குழாய்களின் வழியே நாடு விட்டு நாடு செல்கிறது. விற்றவர் எவ்வளவு கொடுத்தார், வாங்கியவர் எவ்வளவு பெற்றார் என்பதை அறிய அதன் அடர்த்தி தெரிதல் வேண்டும். அடர்த்தி பிழைப்படுமாயின், ஒருவருடைய பொருளுக்கு மற்றொருவர் விலை கொடுக்க நேரும்.

நாம் வகுப்பில் கற்கும் எளிய வாயுச் சமன்பாடு, மூலக்கூறுகளுக்குப் பருமன் இல்லை, அவற்றிடையே ஈர்ப்பும் இல்லை என்று கொள்கிறது. 27 பாகை செல்சியசு வெப்பநிலையிலும் 100 பார் அழுத்தத்திலும் மீத்தேனின் அடர்த்தி கன மீட்டருக்கு 64 கிலோகிராம் என்று அது கூறும். உண்மையிலோ அஃது ஏறத்தாழ 76 கிலோகிராம் ஆகும். நெதர்லாந்து அறிஞர் வான் டெர் வால்சு 1873-ஆம் ஆண்டில் இக்குறையை நீக்க முற்பட்டார். அவர் காட்டிய வழியில் 1976-இல் பெங், ராபின்சன் ஆகிய இருவர் செம்மையானதொரு சமன்பாட்டை அளித்தனர். எரிவாயுவின் 21 கூறுகளுக்கென வகுக்கப்பட்ட ‘ஜெர்க்-2008’ அதனினும் நுண்ணியது.

ஆகவே, இரண்டு மென்பொருள்கள் வெவ்வேறு விடை தந்தால் உடனே ஒன்றைக் குறை கூறுதல் தகாது. அவை வெவ்வேறு சமன்பாடுகளைக் கையாண்டிருக்கலாம். சமன்பாடு ஒன்றாயினும், இரு வாயுக்கள் கலக்கும்போது அவற்றிடையே நிகழும் ஈர்ப்பைக் குறிக்கும் எண் வேறாக இருக்கலாம். என்தால்பி என்னும் பண்பிற்கோ, சுழி எங்கே தொடங்குகிறது என்பதே மாறுபடலாம். ஒரு குன்றின் உயரத்தை ஒருவர் கடல் மட்டத்திலிருந்தும் மற்றொருவர் அடிவாரத்திலிருந்தும் அளந்தால் எண்கள் வேறுபடும். எனினும், இரு குன்றுகளின் உயர வேறுபாடு இருவர்க்கும் ஒன்றே. என்தால்பியிலும் அவ்வாறே வேறுபாட்டை ஒப்பிட வேண்டுமேயன்றித் தனி எண்ணை ஒப்பிடலாகாது.

விடைகள் ஒத்திருக்கும்போதுதான் நாம் மேலும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். ரெஃப்பிராப், கூல்பிராப் என்னும் இரு மென்பொருள்களும் தூய மீத்தேனின் அடர்த்தியை ஏறக்குறைய ஒன்றாகவே கூறும். 1991-இல் செட்சுமான், வாக்னர் ஆகியோர் வெளியிட்ட ஒரே சமன்பாட்டை இரண்டும் ஏற்றிருப்பதே அதற்குக் காரணம். ஒரே நூலைப் பார்த்து எழுதிய இரு மாணவரின் விடைகள் ஒத்திருப்பதில் வியப்பென்ன? எழுத்துப்பிழை இல்லை என்பதை மட்டுமே அவ்வொப்புமை காட்டும். நூல் பிழையற்றது என்பதற்கு அது சான்றாகாது.

அச்சான்றை ஆய்வுக்கூடத்தில் செய்யும் அளவீடே தரவல்லது. ஒவ்வொரு கலவையையும் அளந்து பார்த்தல் இயலுமோ என்று சிலர் வினவலாம். இயலாது; அது தேவையும் அன்று. தம் கலவைக்கு நெருங்கிய கலவை ஒன்று, நெருங்கிய அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் முன்னரே அளக்கப்பட்டுள்ளதா என்று பொறியாளர் தேடலாம். அந்த ஓர் எண்ணோடு தம் கணிப்பை ஒத்துப் பார்க்கலாம். அளவீடுகள் எட்டாத எல்லைக்கு அப்பால், எத்துணைச் சிறந்த சமன்பாடும் ஊகமேயாகும்.

மாணவர்களே, கணிப்பொறி பத்துப் பதின்ம இடங்கள் வரை விடை தரும். அவற்றுள் எத்தனை இடங்களை நம்பலாம் என்பதை அது தானாகச் சொல்லாது. எந்தச் சமன்பாடு, எந்தச் சுழி, எந்த அளவீடு என்னும் மூன்று வினாக்களையும் கேட்டறிந்த பின்னரே ஒரு விடையை ஏற்றுக்கொள்ளுங்கள்.