ஓடைக்கரையிற் சைக்கிள் யாத்திரை

சைக்கிள் யாத்திரை செய்யக் கருதுவோர் பலரும் எத்தனை மைல் செல்லலாம் என்றே முதற்கண் எண்ணுகின்றனர். எங்கெங்கு நிற்கலாம் என எண்ணுதலே சாலச் சிறந்தது என்பது எம் கருத்து. ஆஸ்திரேலியாவில், மெல்போர்ண் நகரின் வடபுறத்துள்ள மெர்ரி ஓடைக்கரைப் பாதையை எடுத்துக்கொள்வோம். கோபர்க் ஏரியினின்று புறப்பட்டு, நீரோட்டத்தின் வழியே தெற்கு நோக்கிச் சென்றால், டைட்ஸ் நீர்வீழ்ச்சியருகே ஓடை யாரா நதியிற் கலப்பதைக் காணலாம். இடையே சீரிஸ் என்னுந் தோட்டம் உளது. கருங்கல் எடுத்த பள்ளமாயும் பின்னர்க் குப்பைமேடாயும் கிடந்த அவ்விடம், 1982 முதல் மக்களின் உழைப்பாற் சோலையாயிற்று. விரைந்தோடுவோன் மரங்களை மட்டுமே காண்பான். இறங்கி நிற்பவனே அவற்றை நட்ட கைகளை நினைப்பான். பெருமழைக்குப்பின் பாலங்களின் கீழுள்ள பாதை நீரில் மூழ்குமாதலின், அந்நாட்களிற் செல்லலாகாது. ஓடையைக் காணச் செல்லும் நாம் ஓடையின் காலத்திற்கு இணங்குதலன்றோ முறை?