நத்தார்க் கேக்கும் நாலு வீட்டாரும்

நத்தார்ப் பண்டிகைக்கு நம் நாட்டிற் செய்யும் கேக் தனிச்சுவை உடையது. கோதுமை மாவுக்குப் பதிலாக ரவையும், மரமுந்திரிகைப் பருப்பும், சீனிப்பாகிலூறிய நீற்றுப்பூசணித் துண்டுகளும் அதிற் சேரும். ஆயின், ஒருவர் தனித்துச் செய்வதற்கு வேலை பெரிது. ஆகவே அயல் வீட்டாரைக் குடும்பத்தோடு அழையுங்கள்.

பழவற்றல்களைச் சில நாள் முன்னரே அரிந்து ஊறவிடுக. கூடும் நாளில், பிள்ளைகள் தட்டங்களுக்கு எண்ணெய்க் கடதாசி விரிக்கட்டும். ஆடவர் வெண்ணெயும் சீனியும் அடிக்கட்டும். மெல்லிய சூட்டில் நெடுநேரம் வேகவேண்டிய கேக்கைப் பாட்டிமார் கவனிக்கட்டும்.

சாமான் வாங்க வசதியற்ற வீட்டாரிடம் பணம் கேளாதீர்கள். அவர்தம் கைவேலையே பங்காகட்டும். துண்டுகளையோ எல்லார்க்கும் சமமாகப் பகிர்ந்தளியுங்கள். இரந்து பெறாது உழைத்துப் பெற்ற கேக்கை அவ்வீட்டுப் பிள்ளைகளும் தலைநிமிர்ந்து விருந்தினர்க்கு வழங்குவர்.